குருதி கூறும் குறி

மாரடைப்பிலிருந்து தேறியோரும், விரைந்து நடந்தால் நெஞ்சுநோவும் இளைப்பாறினாற் சுகமும் காண்போரும் ஆண்டுகள் பல இடரின்றி வாழ்தல் உண்டு. உறுதிநிலையிலுள்ள இருதய நோய் என வைத்தியர் கூறுவது இதனையே. இவ்வுறுதி யாருக்கு நிலைக்கும், யாருக்குக் குலையும் என்பதைக் குருதியைச் சோதித்து முன்னறிய இயலுமா?

1988 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் பன்றியின் மூளையிலிருந்து ஓமோன் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதற்கு மூளையின் பெயரையே சூட்டினர். அதனை மிகுதியாகச் சுரப்பது இருதயத்தின் கீழறைத் தசையே என்பது பின்னர்த்தான் புலனாயிற்று. பெயரோ இன்றுவரை மாறவில்லை! கீழறைச் சுவர் இழுபட்டு வருந்துமிடத்து இப்பொருள் குருதியிற் பெருகும். பெருகியோரிடையே மரணமும் மிகுதி.

இதனினும் வியப்புக்குரியது துரோப்போனின். இருதயத் தசையின் சுருக்கத்துக்கு உதவும் இப்புரதம், தசைக்கலங்கள் சிதையும்போது குருதியிற் கசிகின்றது. ஆதலின் மாரடைப்பை உறுதிப்படுத்த அதனை அளப்பர். மிக நுண்ணிய அளவையும் காட்டவல்ல முறை வந்தபின், உறுதிநிலை நோயாளர் 3,679 பேரின் குருதி ஆராயப்பட்டு, 2009 இல் முடிவு வெளியாயிற்று. மாரடைப்பு நிகழாத வேளையிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 98 பேரிடம் அப்புரதம் காணப்பட்டது. அதன் அளவு கூடக்கூட இருதயத் தளர்வும், இருதய நோயால் நேரும் மரணமும் கூடின. புதிய மாரடைப்போ அவ்வாறு கூடவில்லை. காரணம் ஊகிக்கத்தக்கதே. நாடிச் சுவரிற் படிந்த கொழுப்புத் திட்டு திடீரென வெடித்துக் குருதி உறைவதால் மாரடைப்பு நேர்கின்றது. துரோப்போனின் கூறுவது தசையின் நெடுநாளைய தேய்வை. சுவர் அரிக்கப்படுவதைக் கண்டவன் இடி விழும் நாளைக் கூறுதல் எங்ஙனம்? அன்றியும், இவ்வெண்கள் பெருந்தொகையினரைப் பற்றியவை. தனியொருவருக்குச் சாதகக் குறிப்பாக எழுதிக் கொடுக்கத் தக்கன அல்ல.

சீ-தாக்கப் புரதம் 1930 இல் நியூயோர்க்கில் நியூமோனியா நோயாளரின் குருதியிற் கண்டறியப்பட்டது. உடலில் அழற்சி உள்ளபோது ஈரல் இதனைச் சுரக்கும். பிறப்பியல்பால் இது சற்று மிகுந்தோர்க்கு இருதய நோய் மிகுதியாகக் காணப்படவில்லை. எனவே இது புகை, தீயன்று. எனினும் புகை தீயிருக்கும் இடத்தைக் காட்டிற்று. அழற்சியைத் தணிக்கும் பழைய மருந்தாகிய கொல்கிசினை உறுதிநிலை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2020 இல் வெளியாயிற்று. 5,522 பேரிற் பாதிப்பேர் நாள்தோறும் அரை மில்லிகிராம் உட்கொண்டனர். அவர்களிடையே மாரடைப்பு முதலிய இடர்கள் ஏறத்தாழ மூன்றிலொன்று குறைந்தன. மொத்த மரணம் குறைந்ததென்று அவ்வாய்வு காட்டவில்லை. நம் வேலிகளிற் படரும் கார்த்திகைக் கொடியின் கிழங்கிலுள்ள நஞ்சும் இக்கொல்கிசினே. அக்கிழங்கை உண்டு மாண்டோர் உளர். அவ்வாய்வுக்கு ஆட்களைத் தெரிந்தோர், சீ-தாக்கப் புரதத்தை அளந்து தெரிந்திலர்.