தின்னத் தின்ன இளைக்கும் பூனை

வயதான பூனை தட்டை நக்கி முடித்த கையோடு மறுபடியும் சோற்றுக்குக் கத்தினால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. 'நன்றாகத்தானே சாப்பிடுகிறது, என்ன குறை?' என்பார்கள். அது சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் முடங்கினால்தான் கூடையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடுவோம். பத்து வயது தாண்டிய பூனையிடம் இந்தக் கணக்கு தப்பு. தின்றுகொண்டே இளைக்கிறது என்றால், அது பட்டினி கிடப்பதற்குச் சற்றும் குறையாத அவசரம்.

கொச்சியில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். இங்கே மீன் வாசம் வந்தால் பூனை கத்தாமல் இருந்தால்தான் அதிசயம். ஃபோர்ட் கொச்சியில் சீன வலை இழுக்கும் இடத்தில் ஒரு கூட்டம், மட்டாஞ்சேரியில் கிடங்குத் தெருக்களில் ஒரு கூட்டம், தேவராவில் மீன் வெட்டும் பலகைக்குக் கீழே ஒரு கூட்டம். எது பசி, எது பழக்கம் என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? எங்கள் வீட்டுக் கிழப்பூனை விஷயத்தில் முதலில் சொன்னது வாசலுக்கு மத்தி கொண்டுவரும் சேச்சிதான். "இதினு வல்லாத்த விசப்பாணல்லோ" (இதற்குப் பொல்லாத பசியாக இருக்கிறதே) என்று சிரித்துக்கொண்டே அதன் முதுகைத் தடவினார். தடவிய கை சட்டென்று நின்றது. முடிக்கு அடியில் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தட்டுப்பட்டது. நீள முடிப் பூனை இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

இப்படிப் பசியும் இளைப்பும் சேர்ந்து வந்தால் டாக்டர்கள் முதலில் நினைப்பது தைராய்டு மிகையாகச் சுரப்பதையும் சர்க்கரை நோயையும்தான். இரண்டையும் ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். குடற்புழுவும் இருக்கலாம். அவையெல்லாம் இல்லையென்றால் பார்வை குடல் பக்கம் திரும்பும். பூனையின் குடலில் வரும் புற்றுநோய்களில் முதலிடம் லிம்ஃபோமாவுக்கு. அதில் மெதுவாக வளரும் சிறு செல் வகை, குடலின் உட்சுவரில் வெள்ளணுக்கள் பெருகிப் பரவுவதால் வருவது. நாள்பட்ட குடல் அழற்சியும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஸ்கேனில் இரண்டிலும் குடல் சுவர் தடித்துத் தெரியும். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் எது என்று உறுதியாகும்.

குடல் லிம்ஃபோமா வந்த பூனைகள் பலவற்றுக்குப் பசி குறைகிறது. சிலவற்றுக்கு நேர்மாறு. உள்ளே போகும் சோறு செரித்தாலும் சத்து ரத்தத்தில் சேர்வதில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது. அதனால்தான் கத்துகிறது. இதோடு சிகிச்சைக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையும் தன் பங்குக்குப் பசியைக் கிளப்பும். தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் போவதும்கூட அதிகமாகும். ஆகவே இந்தப் பூனையை 'பேராசைக்காரி' என்று அதட்டுவதில் அர்த்தமில்லை. கத்தினால் பழகிவிடும், கொடுக்காதே என்று சொல்லும் ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. கொழுத்த இளம் பூனைக்கு அது சரி. இதற்குப் பொருந்தாது.

அப்படியானால் என்ன கொடுப்பது? எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகள் சிலவற்றில் பூனைகள் தயிர்சாதத்தில் வளர்ந்தவை. ஆரோக்கியமான பூனை அதோடு இரண்டு எலியும் ஒரு பல்லியும் பிடித்துத் தின்று கணக்கைச் சரிசெய்துகொள்ளும். நோய்ப்பட்ட பூனைக்கு அந்த வழி இல்லை. பூனை இறைச்சி தின்றே ஆகவேண்டிய பிராணி. டாரைன் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்று 1987இலும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பூனைத் தீவனங்களில் டாரைனைக் கூட்டினார்கள்.

மூன்று கிலோ பூனை சும்மா படுத்துக் கிடக்கவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 160 கலோரி வேண்டும். தோலுரித்து வேகவைத்த 100 கிராம் கோழி நெஞ்சுக்கறி கிட்டத்தட்ட அதைக் கொடுத்துவிடும். ஆனால் வெறும் கறியில் போதிய சுண்ணாம்புச் சத்து இல்லை. வேகும்போது டாரைன் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அதனால் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாமல் கறியோடு பிசைந்து கொடுப்பது நல்லது. வீட்டுச் சமையல் மட்டும் நீண்ட நாளுக்குப் போதாது. எல்லாச் சத்தும் சேர்ந்த ஈரத் தீவனத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கோழியையும் மீனையும் மேலே சேர்ப்பதே என் கட்சி.

மீன் விஷயத்தில் கொச்சிக்காரர்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. சில வகைப் பச்சை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். மூன்று வேளையும் மீனே என்றால் வைட்டமின் ஈ குறைந்து, உடலின் கொழுப்பு வீங்கி வலியெடுக்கும் நோய் வரும். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை முடியும்வரை கேரளத்தில் விசைப்படகுகளுக்கு இழுவலைத் தடை. மீன் விலை ஏறும் அந்த 52 நாள், பூனையைக் கோழிக்கு மாற்ற நல்ல சாக்கு.

பெரிய ஆபத்து அடுப்படியில்தான். பசி பிடித்த பூனை மூடி போட்ட சட்டியையும் தள்ளித் திறக்கும். மீன்குழம்பில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து, ஏற்கெனவே புண்பட்ட குடலைக் குத்தும். குப்பைக்கூடைக்கு இறுகிய மூடி வேண்டும்.

ஒரே தட்டில் நிறைய வைத்தால் அள்ளி விழுங்கிப் பத்து நிமிடத்தில் வாந்தியெடுக்கும். நாளைக்கு ஐந்தாறு வேளையாக, அகலமான தட்டில் மெல்லப் பரப்பிக் கொடுத்தால் நிதானப்படும். கடைசி வேளையை நாம் படுக்கப் போகும்போது வைத்தால் விடிகாலைக் கத்தல் குறையும், நிற்காது. வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் கதவை மூடி ஊட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது உருண்டுவிடும், இது இன்னும் இளைக்கும்.

கொடுப்பது போதுமா என்பதைத் தட்டைப் பார்த்தோ கத்தலைக் கேட்டோ முடிவு செய்ய முடியாது. தராசுதான் பேசும். வாரம் ஒருமுறை, அதே வேளையில், குழந்தைகளை நிறுக்கும் தராசில் நிறுக்கலாம். நாலு கிலோ பூனையில் 400 கிராம் குறைவது, 60 கிலோ ஆள் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். நிறை இறங்கிக்கொண்டே போனால் தட்டை நிரப்பிப் பயனில்லை. மருந்தையோ பி12ஐயோ சரிபார்க்க வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பி12 வைட்டமினை உறிஞ்சுகிறது. அது கெட்ட பூனைகளுக்கு வாரம் 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போடுவார்கள். ஊசி ஆரம்பித்த பிறகே சில பூனைகளுக்கு உடம்பு தேற ஆரம்பிக்கும்.

பிரெட்னிசோலோனோடு தரும் குளோராம்புசில் மனிதர்களின் ரத்தப் புற்றுநோய்க்கும் தருகிற மாத்திரை. உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், கையுறை போட்டே எடுக்க வேண்டும். மலத்தட்டைச் சுத்தம் செய்யவும் கையுறை தேவை. இந்தச் சிகிச்சையில் சிறு செல் வகைப் பூனைகள் பல, ஒன்றரை இரண்டு வருடம் நல்லபடியாக இருக்கின்றன. அதற்கு மேல் போனவையும் உண்டு. பெரிய செல் வகை வேறு கதை. அங்கே பேச்சு மாதக் கணக்கில்தான்.

இத்தனை நாள் வீட்டையே அதிரவைத்த பசி ஒருநாள் திடீரென்று அடங்கினால், 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடக் கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே உடல் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவியத் தொடங்கும். அன்றே டாக்டரைக் கூப்பிட்டு, குமட்டலுக்கு மருந்தா, குழாய் வழி உணவா, அல்லது இதோடு போதுமா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும்.