மேற்கோள் நூலும் இரண்டு வகை வாசகர்களும்

டெர்ரி பிராட்செட் (1948–2015) எழுதிய டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். முதல் நாவல் 1983-இல் வந்தது. தட்டையான ஓர் உலகம், அதை நாலு யானைகள் சுமக்கும், அந்த யானைகளை ஓர் ஆமை சுமக்கும். திக்கு யானைகளும் கூர்ம அவதாரமும் தெரிந்த நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை.

இந்த நாவல்களில் இருந்து நகைச்சுவை வரிகளைப் பொறுக்கி, ஸ்டீபன் பிரிக்ஸ் 2007-இல் ஒரு மேற்கோள் நூல் தொகுத்தார். இப்படி ஒரு தொகுப்பை இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். நாவல்களைப் படித்தவர் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பார். படிக்காதவர், "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று திருப்பிக் கொடுப்பார். வரி ஒன்றுதான், ஏன் இந்த வித்தியாசம்?

புரோகிராமர் பாஷையில் சொன்னால், நகைச்சுவை மேற்கோள் ஒரு பாயின்டர். அது ஒரு முகவரி மட்டும்தான், சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது. படித்தவர் மனசில் அந்த இடத்தில் முழுக் காட்சியும் இருக்கிறது. மற்றவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. உதாரணமாக, இந்த நாவல்களில் மரணம் ஒரு பாத்திரம். அது பேசுவதெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அச்சாகும். பல நாவல்களில் அந்தக் குரலோடு பழகியவருக்கு அது ஒரு சொல் பேசினாலே சிரிப்பு வரும். புதியவருக்கு அது வெறும் பெரிய எழுத்து.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. 2019 மே மாதக் கடைசியில், ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்று யாரோ இணையத்தில் கேட்டார்கள். ஒரு தமிழர், இது விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்று பதில் போட்டார். 'பிரண்ட்ஸ்' (2001) படத்தின் வடிவேலு காட்சி அது. நேசமணிக்கான பிரார்த்தனை ட்விட்டரில் டிரெண்ட் ஆனது. படம் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பார்க்காதவர்கள் யாருக்கோ நிஜமாகவே அடிபட்டுவிட்டது என்று நினைத்தார்கள்.

ஆனால் சில வரிகள் புத்தகத்தை விட்டு வெளியே வந்தும் பிழைத்துக்கொள்கின்றன. 1993-இல் வந்த ஒரு டிஸ்க்வேர்ல்ட் நாவலில் சாம் வைம்ஸ் என்ற காவல் அதிகாரி ஒரு கணக்குப் போடுவார். அவர் சம்பளம் மாதம் 38 டாலர். நல்ல பூட்ஸ் 50 டாலர், பத்து வருஷம் உழைக்கும். மட்டமானது 10 டாலர், சீக்கிரமே கிழிந்துவிடும். ஆகவே ஏழை பத்து வருஷத்தில் 100 டாலர் செலவழித்திருப்பான், அப்பவும் அவன் கால் ஈரம்தான்.

இதை மார்க்கையன்கோட்டையில், களை எடுக்கப் போகிற ஓர் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எண்ணெய் பாக்கெட் கதைதான தம்பி? லிட்டரா வாங்குனா கொறச்சல்தான். அந்தக் காசு ஒரே நாள்ல கையில எங்க இருக்கு?" என்றார். டிஸ்க்வேர்ல்டின் பெயரே அவர் கேள்விப்பட்டதில்லை, ஆனால் பாயின்டர் போய்ச் சேர வேண்டிய இடம் அவர் வாழ்க்கையிலேயே இருந்தது. 2022-இல் பிரிட்டனில் ஜாக் மன்ரோ ஏழைகளின் விலைவாசியை அளக்க ஒரு குறியீட்டெண் தொடங்கியபோது, அதற்கு வைம்ஸின் பூட்ஸ் பெயரையே வைத்தார்.

சரி, தானாகப் பிழைக்காத வரிகளை என்ன செய்வது? நம் தனிப்பாடல் திரட்டுப் பதிப்புகளில் இதற்கு வழி இருக்கிறது. பாட்டோடு அது பிறந்த சந்தர்ப்பத்தையும் இரண்டு வரியில் தந்துவிடுவார்கள். நாகப்பட்டினம் காத்தான் சத்திரத்தில் சாப்பாடு தாமதமானதைக் காளமேகம் நக்கலடித்துப் பாடினார், சத்திரக்காரர் வருந்தியதும் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகப் பொருள் சொன்னார் என்பார்கள். அந்தக் கதை கூட வராவிட்டால், பாட்டில் பாதிதான் நமக்குக் கிடைக்கும்.

அதனால் பிடித்த வரி ஒன்றைப் பகிரும்போது, யார், யாரிடம், எப்போது சொன்னது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். படித்தவருக்கு அதனால் நஷ்டம் இல்லை. படிக்காதவர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போகவும் கூடும்.