எலிஃபஸ்: மறைந்த 'ன்ட்' எங்கே?

ஆசிய யானையின் அறிவியல் பெயர் எலிஃபஸ் மேக்சிமஸ். அது சேர்ந்த குடும்பத்தின் பெயர் எலிஃபன்டிடே. பேரினப் பெயரில் இல்லாத 'ன்ட்' குடும்பப் பெயரில் எப்படி வந்தது? மாணவர் கேட்டால் என்ன சொல்வீங்க?

விடை நமக்குப் பழகியதுதான். மரம் + ஐ என்றால் 'மரமை' என்று யாரும் சொல்வதில்லை, மரத்தை என்கிறோம். இலத்தீனிலும் எழுவாய் வடிவம் ஒன்று, வேற்றுமை ஏற்கும் வடிவம் வேறு. எழுவாயில் எலிஃபஸ்; 'யானையின்' என்று சொல்ல எலிஃபன்டிஸ். இந்த இரண்டாவது வடிவத்தின் அடியோடு 'இடே' சேர்த்துத்தான் குடும்பப் பெயரை ஆக்குகிறார்கள். ஆனால் ஒப்புமையை ரொம்ப இழுக்க வேண்டாம். தமிழில் 'அத்து' சாரியையாக வந்து சேர்கிறது. அங்கே அடியிலேயே இருந்த 'ன்ட்' எழுவாயில் மறைந்துவிட்டது.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஹோமர் காவியங்களில் அதற்குப் பொருள் தந்தம். விலங்குக்கு முன்பே தந்தம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ரோமர்கள் கி.மு. 280இல் பைரஸ் மன்னனின் போர் யானைகளை இத்தாலியின் லுகானியா பகுதியில் முதன்முதலாகக் கண்டார்கள். என்ன பெயர் வைப்பது? 'லுகானிய மாடு' என்றே அழைத்தார்கள்! பிற்பாடு கிரேக்கச் சொல்லை எடுத்து, தங்கள் வாய்க்கு ஏற்ப எலிஃபன்டுஸ் என்றும் ஆக்கிக்கொண்டார்கள். 1758இல் லின்னேயஸ் பேரினப் பெயராகக் கொண்டது எலிஃபஸ் என்ற வடிவத்தை.

தேர்வில் பிள்ளைகள் இடறுவது வேறு இடத்தில். பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப, அதன்பின் வரும் பெயரடையும் மாறும். எலிஃபஸ் ஆண்பால், அதனால் மேக்சிமஸ். ஆப்பிரிக்கப் புல்வெளி யானையின் பேரினமான லாக்ஸோடோன்டா பெண்பால், அதனால் ஆஃப்ரிகானா. ஆஃப்ரிகானஸ் என்று எழுதினால் பிழை. இது சொல்லின் பால், யானையின் பால் இல்லை. நல்ல பையன், நல்ல பெண், நல்ல யானை என்று நம்ம மொழியில் 'நல்ல' மாறாமலே நிற்பதால் இது சட்டென்று மனத்தில் பதியாது. இரண்டு பெயர்களையும் சேர்த்தே மனனம் செய்யச் சொல்லுங்க.

சபா யானைக்கு மூன்றாவது சொல்லும் உண்டு: எலிஃபஸ் மேக்சிமஸ் போர்னியென்சிஸ். 'என்சிஸ்' என்ற ஈறு இடத்தைக் குறிக்கும். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் அதே வடிவம்தான், மாற்ற வேண்டியதில்லை.