கண்மாய் நிலமும் ஊர்க்காவலும்: மதுரை வட்டாரத்தில் அரிட்டாபட்டியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை நகரையும் அதன் சுற்றுப்புறச் சமவெளியையும் சார்ந்த கண்மாய்களின் கரை, உள்வாய், நீர்வரத்துப் பகுதி ஆகியவை கட்டடங்களுக்கும் சுரங்கங்களுக்கும் உரிய ‘வெற்றிடங்களாக’ நோக்கப்படும் சூழலில், அவற்றைக் காக்க ஊர்மக்கள் மேற்கொண்ட முயற்சிகளை இக்கட்டுரை விளக்குகிறது. மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டியில் 2022 முதல் 2025 வரை நிகழ்ந்தவை முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு நீர்நிலையின் எல்லை எது என்னும் வினாவே இப்போராட்டத்தின் உள்ளீடு என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கண்மாய், நீர்வரத்து, புறம்போக்கு, குடிமராமத்து, அரிட்டாபட்டி, பல்லுயிர் மரபுத் தலம்.

முன்னுரை

வட தமிழகத்தில் ஏரி என வழங்குவது பாண்டிய நாட்டில் கண்மாய் எனப்படும். கண்வாய் என்பதன் திரிபாக அதனைக் கொள்வர்; பேச்சுவழக்கில் அது கம்மாய் ஆகும். நீர்நிலை அமைத்தலை ஆட்சியாளரின் தலையாய கடமையாகப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தும் புறநானூற்றின் 18ஆம் பாடல் இந்நிலப்பகுதியின் நீரியல் சிந்தனைக்குத் தொன்மையான சான்றாகும். ஆயினும் நீர்நிலையை ஆக்குதல் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, அதனைச் சூழ்ந்த நிலத்தைக் காத்தல் பற்றி நம் ஆய்வுகளில் பேசப்படவில்லை. இக்குறையை ஓரளவேனும் நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

கண்மாய் என்னும் நிலத்தொகுதி

கண்மாய் என்பது தேங்கிய நீர் மட்டும் அன்று. மேட்டு நிலத்தில் விழும் மழைநீரைத் திரட்டிக் கொணர்வது வரத்துக்கால். அந்நீர் பரவி நிற்கும் இடம் உள்வாய். அதனைத் தடுத்து நிறுத்துவது கரை. வயலுக்கு நீர் விடும் வாய் மடை. மிகுநீரை வெளியேற்றுவது கலிங்கு. அவ்வாறு வெளியேறும் நீர் மறுகால் ஓடி அடுத்த கண்மாயின் வரத்தாக அமையும். நீர் பாயும் வயற்பரப்பு ஆயக்கட்டு. இவ்வாறு ஒன்றன் மிகை மற்றொன்றின் வரவாகச் சங்கிலித் தொடராக அமைந்திருத்தலே மதுரைச் சமவெளிக் கண்மாய்களின் இயல்பு. இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் கீழுள்ள ஊர்கள் மழைக்காலத்தில் வெள்ளத்தையும் கோடையில் வறட்சியையும் ஒருசேர எதிர்கொள்ள நேரும்.

இந்நிலத்தொகுதியின் பெரும்பகுதி ஆண்டின் பல மாதங்கள் உலர்ந்தே கிடக்கும். அக்காலத்தில் உள்வாய் ஆடுமாடுகளின் மேய்ச்சல் நிலமாகிறது. வண்டல் வயலுக்கு உரமாகிறது. நீர் வற்றும் பருவத்தில் மேலூர் வட்டார ஊர்கள் மீன்பிடித் திருவிழா நடத்துகின்றன. ஊர்மக்களுக்குப் பயன்படு நிலமாகிய இதுவே, அளவைப் பதிவேட்டை மட்டும் நோக்குவார்க்குப் புறம்போக்காகவும் தரிசாகவும் தோன்றுகிறது. ‘பயனற்ற நிலம்’ என்னும் இத்தோற்றமே கையகப்படுத்தலுக்கு முதற்படி எனலாம்.

நகரம் விழுங்கிய நீர்நிலைகள்

மதுரை நகரின் விரிவு பெரிதும் கண்மாய்களின் மீதே நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, உலகனேரிக் கண்மாய் நிலத்தில் அமைந்துள்ளது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் பலவற்றை விசாரிக்கும் மன்றமே நீர்நிலையின் மீது நிற்பது இந்நகரின் வரலாற்று முரண். தனியாரின் ஆக்கிரமிப்பு மட்டுமன்றி, பொதுத்தேவை என்னும் பெயரால் அரசே மேற்கொள்ளும் கட்டுமானமும் கண்மாய் நிலத்தைக் குறைக்கிறது என்பதற்கு இது சான்று.

காவலின் இருவழிகள்: மரபும் சட்டமும்

கண்மாயைப் பேணும் உழைப்பை ஊரார் பகிர்ந்துகொண்ட முறை குடிமராமத்து எனப்பட்டது. காலனிய அரசு 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் இதனைக் கட்டாயப் பணியாக்கியது. நீர்மேலாண்மை அரசுத் துறைகளின்பாற் சென்றபின் ஊரின் உரிமை நலிந்தது. கடமை மட்டும் எஞ்சியது. உரிமையின்றிக் கடமை நிலைபெறாது ஆதலின், காலப்போக்கில் அம்முறை தளர்ந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997இல் நிறுவப்பெற்ற தானம் அறக்கட்டளை, வயலகம் என்னும் பெயரில் கண்மாய்ப் பாசன உழவர் சங்கங்களை உருவாக்கி அவ்வுரிமையை மீட்க முயன்றது. தமிழக அரசும் 2017இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

சட்டத்தின் வழி வேறு வகையானது. குளத்து நிலத்தை வீட்டுமனையாக வழங்கலாகாது என 2001இலும், ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என 2011இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருப்பதியை அடுத்த அவிலாலா, பேரூரு ஏரிகள் குறித்த 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நீர்நிலைகளை மக்களின் சார்பில் அரசு பொறுப்பேற்றுக் காக்கும் பொதுச்சொத்தாகக் கருதியது. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனினும் அச்சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளையே கருதுகிறது. ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ள சிறு கண்மாய்கள் அதன் வரம்புக்குள் அமையவில்லை. மேலும், அது காப்பது அளந்து கல் நடப்பட்ட ஏரிப்பரப்பை. அப்பரப்புக்கு அப்பால் உள்ள நீர்வரத்து மேடு யாது ஆகும் என்னும் வினாவுக்கு அதில் நேரடி விடை இல்லை. இவ்வினாவே அரிட்டாபட்டியில் எழுந்தது.

அரிட்டாபட்டி: எல்லை பற்றிய வழக்கு

மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் மேலூர் வட்டாரத்தில் உள்ளது அரிட்டாபட்டி. தமிழிக் கல்வெட்டும், சமணர் படுகையும், குடைவரைக் கோயிலும் உடைய அவ்வூரைத் தமிழாய்வாளர் நன்கறிவர். அரிட்டாபட்டியும் அதனை ஒட்டிய மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 எக்டேர் பரப்பு, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் ஆகியவை அப்பகுதிக்குரியனவாக அரசு குறிப்பிட்டது. ஏறத்தாழ 250 பறவையினங்களும் தேவாங்கு, எறும்புத்தின்னி போன்ற உயிரினங்களும் அங்கு வாழ்கின்றன. குன்றில் விழும் மழை சுனையில் ஊறி, ஓடையாக இறங்கி, கண்மாயில் தங்கும் நீரோட்டமே இவை யாவற்றையும் இணைப்பது. குன்றும் கண்மாயும் ஒரே நீரமைப்பின் இரு முனைகள் என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

கிரானைட் வெட்டியெடுப்பால் குன்றுகளும் நீர்வழிகளும் சிதைந்ததை மேலூர் வட்டாரம் முன்னரே கண்டிருந்தது. இந்நிலையில் 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதியின் ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தெரிவு பெற்றதை ஒன்றிய அரசு அறிவித்தது. அத்தொகுதியின் பரப்பு 2015.51 எக்டேர், மரபுத் தலத்தின் பரப்பும் அதனுள் அடங்கியது. ஊர்கள்தோறும் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் ஏலத்தைக் கைவிடக் கோரித் தீர்மானம் இயற்றியது.

அதன்பின் டிசம்பர் இறுதியில் ஒன்றிய அரசு முன்வைத்த மாற்று, இக்கட்டுரைப் பொருளுக்கு மிக இன்றியமையாதது. மரபுத் தலமாகிய பகுதியை மட்டும் விலக்கி, தொகுதியின் எல்லையை மாற்றி வரைவது குறித்து ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கேட்டுக்கொள்ளப்பட்டது. விலக்கப்படவிருந்தது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மேலோட்டமாக நோக்கின் இது மக்களின் கோரிக்கைக்கு இணக்கம் போலத் தோன்றும். ஆயின் ஊரார் அதனை ஏற்கவில்லை. முழு ஏலத்தையும் நீக்கவே கோரினர். 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை பெருந்திரளாக நடந்தனர். சனவரி 22 அன்று அம்பலகாரர்கள் உள்ளிட்ட ஊர்ப் பிரதிநிதிகள் தில்லியில் ஒன்றியச் சுரங்கத்துறை அமைச்சரைச் சந்தித்தனர். மறுநாள் ஏலம் முற்றாக நீக்கப்பட்டது.

மாற்றினை மறுத்ததன் பொருள்

மாற்றை மறுத்தமையைப் பிடிவாதம் எனக் கொள்வது பொருந்தாது. எஞ்சிய பத்தில் ஒன்பது பங்கில் ஊர்களும் வயல்களும் கண்மாய்களும் அவற்றின் வரத்துக்கால்களும் இருந்தன. காப்பெல்லைக்கு வெளியே நிலத்தடி தோண்டப்படின், எல்லைக்கு உள்ளே உள்ள கண்மாய் ஏட்டளவில் பாதுகாக்கப்பட்டும் நீரளவில் வறண்டு போகக்கூடும். நிலவரைபடம் கோட்டால் பிரிக்கிறது; நீரோ சரிவால் இணைகிறது. ஊரார் தம் வாழ்வறிவால் பிந்தையதைக் கொண்டனர்.

இம்முயற்சி வென்றமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, நாடு, அம்பலம் என இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் மேலூர் வட்டாரச் சமூக அமைப்பு பல ஊர்களை விரைந்து ஒருங்கிணைத்தது. இரண்டாவது, கிராம சபைத் தீர்மானம் என்னும் சட்டவழி ஆவணம் அவ்வொற்றுமைக்குப் பதிவு வடிவம் தந்தது. மூன்றாவது, மரபுத் தல அறிவிப்பு முன்னரே இருந்தமையால் ‘தரிசு’ என்னும் வாதம் எளிதில் எடுபடவில்லை. இம்மூன்றும் ஒருங்கே அமையாத நகர்ப்புறக் கண்மாய்களின் நிலை வேறு. ஆயக்கட்டு வீட்டுமனையாகிவிட்ட இடத்தில் கண்மாயைத் தம்முடையதெனக் கருதும் பாசனக்குடிகள் இலர். புதுக்குடியினரோ வெள்ளம் வரும்போது மட்டுமே அதனை நினைக்கின்றனர்.

முடிவுரை

அரிட்டாபட்டியில் காக்கப்பட்டது ஒரு குன்றோ ஒரு கண்மாயோ மட்டும் அன்று. நீர் செல்லும் வழி முழுவதும் ஒரே நிலம் என்னும் கருத்தும் ஆகும். ஏலம் நீங்கியது, எனினும் மரபுத் தலத்துக்கு வெளியே உள்ள நீர்வரத்து நிலத்துக்குத் தனிச் சட்டக்காப்பு வேண்டும் என்னும் தேவை நீங்கவில்லை. கரை, உள்வாய், வரத்துக்கால், மறுகால் ஆகிய சொற்கள் அகராதியில் மட்டுமன்றி நில ஆவணங்களிலும் ஊர்தோறும் இடம்பெறும்போதே அக்காப்பு வரையறை பெறும். அவ்வட்டாரச் சொற்களையும் அவை சுட்டும் இடங்களையும் களத்தில் திரட்டித் தொகுப்பது தமிழாய்வாளர் இத்துறையில் ஆற்றத்தக்க உடனடிப் பணியாகும்.