மழைக்காக ஆடுவதா, மழையில்லாததால் ஆடுவதா?

ஆட்டத்தையும் வானிலையையும் முடிச்சுப்போடும் துணுக்குகளில் முக்கால்வாசி மழையை வரவழைப்பவை. மயில் ஆடினால் மழை வரும் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆண்மயில் தோகை விரிப்பது பெண்மயிலுக்காக. அதன் இணைசேரும் காலமும் மழைக்காலமும் நெருங்கி வருவதால் மயிலுக்குக் கிடைத்த பெயர் அது. இந்த வாரம் மனிதர் ஆடும் ஆட்டத்துக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் குன்று நிற்கிறது. உச்சியில் முக்தியாலீசுவரர் கோயில், கீழே ஏரிப் பாசனமும் மானாவாரியும், கிழக்கே போகப் போக உப்பளம். இந்த வட்டாரத்தை உள்ளடக்கிய வட தமிழகம் முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு: கூத்தில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறினால் மழை பெய்யும், விராட பருவம் நடத்தினால் மழை பெய்யும். என் கணக்கு தலைகீழானது. மழை இல்லாத மாதங்கள்தான் இந்த மண்ணில் கூத்தை இவ்வளவு பெரிதாக வளர்த்துவிட்டன. மழையை அழைக்கும் வேலை கூத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

முதல் சாட்சி பஞ்சாங்கம். தெருக்கூத்தை வாழவைப்பவை திரௌபதி அம்மன் கோயில்கள். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலைத்தான் இந்த வழிபாட்டின் தாய்க்கோயில் என்பார்கள். 1988இல் இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைடல், செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்றே அதற்குத் துணைத்தலைப்பு வைத்தார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். பத்து நாளிலும் முடியும், பதினெட்டு நாளிலும் முடியும். கையில் காசிருக்கும் ஊரில் இன்னும் நீளும். பெரும்பாலான ஊர்களில் இது பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில்தான் வருகிறது. பக்தி வகுத்த காலம்தானே, இதில் வானிலைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் நம் மக்கள் பாரதப் போருக்கு ஒரு மாதம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அது மார்கழி. அந்த மாதத்தில் கல்யாணம் வேண்டாம், வீடு குடிபோக வேண்டாம் என்பதற்குப் போர் நடந்த மாதம் என்பதையே பல வீடுகளில் காரணமாகச் சொல்வார்கள். கதைதான் நாள் குறித்தது என்றால் துரியோதனன் மார்கழியில் விழுந்திருக்க வேண்டும். அவனோ சித்திரை, வைகாசி வெயிலில் விழுகிறான்.

அவன் விழும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் காரணம் தெரியும். படுகளத்துத் துரியோதனன் சுடாத மண். திறந்த வெளியில் பல முழ நீளத்துக்குக் கிடக்கும் உருவத்தைச் சுற்றிக் கட்டையணிந்த வேஷக்காரர்கள் ஓடி ஆடுகிறார்கள். அன்றே தீக்குழியும் மூட்டியாக வேண்டும். நல்ல மழை ஒன்று அடித்தால் துரியோதனனும் கரைவான், தீயும் அவியும். கூத்தாடியின் தோளிலும் தலையிலும் ஏறும் கட்டைகள் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, சாயம் பூசி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டியவை. ஈரம் பட்டால் முதலில் பசை விடும். மிருதங்கத்தின் தோல் ஈரக் காற்றை உறிஞ்சித் தளரும், சுருதி இறங்கும். முகவீணையும் ஆர்மோனியமும் ஒரு பக்கம் இழுக்க, இது ஒரு பக்கம் போகும். பறையடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதும் இதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஆடுகளம் வெறும் தரை. வேகமாகச் சுழன்று கிரிக்கி போடுபவனுக்குச் சேற்றில் கால் நிற்காது. நேரத்தைக் குறித்ததிலும் வெயிலுக்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன். அத்தனை பாரத்தையும் அரிதாரத்தையும் சுமந்து கத்திரி வெயில் பகலில் எட்டு மணி நேரம் யாராலும் ஆட முடியாது. இரவு பத்துக்குத் தொடங்கி விடியலில் முடிகிறது.

மாறாக, ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கரை எப்படி இருக்கும் என்பதற்கு நெடுங்கதை தேவையில்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் அருகில் கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரு நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. இந்தக் கடலோர மாவட்டங்களின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. மூன்று மாதம் போனால் மண் காய்ந்து இறுகி, தானாகவே களமாகிவிடும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வானிலை எல்லாம் அல்ல, ஓய்வுதான் காரணம். சம்பா அறுவடை முடிந்து வீட்டில் நெல்லும் கையில் நேரமும் இருப்பதால் ஊர் திருவிழா எடுக்கிறது என்பார்கள். பெருமுக்கல் பக்கத்து உழவனுக்கு இது பொருந்தும். அந்த ஓய்வும் மழை வகுத்ததுதானே என்று தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அதைவிடக் கூர்மையான சோதனை சாலையின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. மரக்காணம் உப்பளத் தொழிலாளிக்குக் கோடையில் ஓய்வே கிடையாது. தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து நீர் கட்டினால், வெயிலும் உலர்ந்த மேல்காற்றும் அதை முறுக்க, அடர்த்தி போமே அளவில் 25ஐத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். பிறகு மழை இறங்கும் வரை, வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே போய் வாருவதுதான் பிழைப்பு. அவர்களுக்கு வேலை இல்லாத காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களுக்கென்றே தமிழக அரசு குடும்பத்துக்கு ரூ. 5,000 நிவாரணம் கொடுத்துவருகிறது. ஓய்வுதான் கூத்துக்கு நாள் குறிக்கிறது என்றால் இந்தக் கரையில் கூத்து ஐப்பசி, கார்த்திகைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உப்புக்கு எது வேண்டுமோ அதுவேதான் கூத்துக்கும் வேண்டியிருக்கிறது: காய்ந்த தரை, மழையற்ற வானம். இரண்டும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதில்லை என்றாலும், இரண்டையும் நிறுத்துவது ஒரே மழை.

பழைய சாட்சி வேண்டுமென்பவர்களுக்குச் சிறுபாணாற்றுப்படை இருக்கிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல்; அவன் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி, அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பக்கம் என்று கொள்கிறார்கள். பாணரும் விறலியரும் அங்கே நடப்பது வேனில் வழியில். ஆனால் பாலையும் வேனிலும் சங்கப் பாட்டின் மரபு. அதைக் கலைஞர்களின் பயண அட்டவணையாகப் படிப்பது கொஞ்சம் பேராசை. பொருந்துகிறது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

அப்படியானால் தபசு ஏறியதும் மழை பெய்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பெய்திருக்கும். விராட பருவத்துக்கு மழையோடு உறவு ஏற்பட்டதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. அஞ்ஞாதவாசத்தில் பாண்டவரைத் தேடும்போது பீஷ்மர் ஓர் அடையாளம் சொல்கிறார்: தருமன் இருக்கும் நாட்டில் பருவம் தவறாமல் மழை பெய்யும், வளம் குன்றாது. அந்த விராட நாட்டில்தான் அர்ச்சுனன் பிருகன்னளையாக உத்தரைக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். ஆட்டமும் மழையும் ஒரே பருவத்தில் வருவதால் துணுக்கு எழுதுபவர்களுக்கு வசதிதான்; ஆனால் பீஷ்மர் மழைக்குக் காரணமாகச் சொல்வது ஆட்டத்தை அல்ல, தருமனை. சரி, கேட்டபின் ஏன் பெய்கிறது? மழைக்கென்று நேர்ந்துகொள்வது ஏரி வறண்டு பொறுமை போன பிறகு. சித்திரையில் இல்லாவிட்டால் வைகாசியில் ஓர் இடி மழை, ஆனி, ஆடியில் மாலை நேரத்து வெப்ப மழை இந்தப் பக்கம் வழக்கமானவை. கூத்துப் பருவத்தின் பின்பாதியில் எந்த நாளைத் தொட்டாலும் சில வாரங்களுக்குள் ஒரு மழை காத்திருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி மக்கள் மழை வேண்டிப் பாம்பு ஆட்டம் ஆடுவது ஆகஸ்டில். அந்தப் பாலைநிலத்துக்குப் பருவமழை வருவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. மழையே வராத மாதத்தில் மழைக்காக ஆடும் சமூகம் எங்காவது நீடித்திருந்தால் என் வாதத்தை மாற்றிக்கொள்வேன். அதோடு, மரக்காணத்துக்காரர் அந்த மழையை எப்படிப் பார்ப்பார் என்பதையும் எண்ண வேண்டும். பெருமுக்கல் ஏரிக்கு வந்த வரம் கிழக்கே பாத்தியில் படிந்த உப்பைக் கரைத்துவிடும். ஒரே கூத்தைப் பார்க்கும் இரண்டு கூட்டத்துக்கு ஒரே மழை இரண்டு விதம்.

இன்று மின்விளக்கு, தார்ப்பாய், அரங்கம் எல்லாம் வந்த பிறகு வானிலைக்கு என்ன பிடி என்று கேட்டால், 2020ஐயும் 2021ஐயும் காட்டுவேன். முதல் ஊரடங்கு மார்ச் 25இல் வந்தது, அடுத்த ஆண்டு முழு ஊரடங்கு மே 10இல். இரண்டும் கூத்துப் பருவத்தின் நெஞ்சில் விழுந்தன. ஆண்டு முழுக்கப் பரவிய தொழிலாக இருந்தால் தளர்வு வந்ததும் பிழைத்துக்கொண்டிருக்கலாம். சில மாதங்களில் ஆண்டு வருமானத்தைத் தேடுபவர்களுக்கு அது முழு ஆண்டுப் பட்டினி. கருமாதிக்கு ஆடும் கர்ண மோட்சம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. சாவு பருவம் பார்ப்பதில்லை, எனவே கார்த்திகையிலும் அந்தக் கூத்துக்கு அழைப்பு வரும். அது ஓர் இரவு, ஒரு வீட்டுச் செலவு. குழுக்களைத் தாங்குவது கோயில் கூத்துதான்.

ஆனால் வானிலையே எங்கும் நாள் குறிக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. சென்னையின் மார்கழி சீசன் அதை உடைத்துவிடும். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக மியூசிக் அகாடமி பிறந்தது. காங்கிரஸ் கூடியது கிறிஸ்துமஸ் வாரத்தில். வக்கீல்களுக்குக் கோர்ட் விடுமுறை அப்போதுதான். புயல் இன்னும் முழுக்க ஓயாத மாதத்தில் ஒரு நகரம் பாட்டையும் பரதத்தையும் கூரைக்கடியில் நிறுத்திய கதை அது. அடுத்த வாரம் அங்கே போவோம்.