மோட்டார் சைக்கிளைச் சூடாக்கிவிட்டுத்தான் ஓடவேண்டுமா?

மார்ச் பிறந்ததும் ஆஹென் வீதிகளில் மோட்டார் சைக்கிள்கள் மீண்டும் தலைகாட்டுகின்றன. ஜேர்மனியில் பலர் பருவகால இலக்கத்தகடு எடுப்பதால், குளிர்காலம் முழுவதும் கராச்சில் நின்ற வண்டிகள் இவை. எமது பிள்ளைகளும் மொன்ஷாவ் பக்கம், ஐஃபெல் மலைச்சாலைகளுக்குப் புறப்படுகிறார்கள். "ஸ்ராட் பண்ணி அஞ்சு நிமிசம் விட்டிட்டு ஓடு" என்கிறார் தகப்பன். "அது இங்கே சட்டப்படி பிழை அப்பா" என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

தகப்பனின் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை. எம்.டி. 90 போன்ற எமது வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. ஆகவே பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து ஸ்ராட் செய்து, சூடேறும்வரை கைப்பிடியை முறுக்கியபடி நின்றோம். அவசரப்பட்டுப் புறப்பட்டால் சந்தி தாண்டுமுன் வண்டி நின்றுவிடும். மறுபடி ஸ்ராட் செய்ய இன்னும் சில துளி பெற்றோல் வேண்டும்.

இன்றைய வண்டிகளில் காபரேற்றர் இல்லை. இயந்திரத்தின் வெப்பத்தை உணரிகள் அளந்து சொல்ல, கணினி தேவையான அளவு பெற்றோலைத் தெளிக்கிறது. ஸ்ராட் செய்த சில நொடிகளிலேயே ஒயில் மேற்பகுதிவரை போய்ச் சேர்ந்துவிடும். அதன்பின் நின்ற இடத்தில் ஓடவிடுவதால் நன்மையைவிடத் தீமையே அதிகம். குளிர்ந்த இயந்திரத்துக்குப் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்குள்ள ஒயில் படலத்தைக் கழுவி, கீழே ஒயிலிலும் கலக்கிறது. காற்றால் குளிரும் இயந்திரமென்றால், நின்றபடி ஓடும்போது காற்றோட்டமும் கிடைக்காது.

சட்டம் பற்றி மகன் சொல்வதும் சரியே. ஜேர்மன் வீதிப் போக்குவரத்து ஒழுங்குவிதிகளின் 30ஆம் பிரிவு, இயந்திரத்தைத் தேவையின்றி ஓடவிடுவதைத் தடைசெய்கிறது. இதற்கான தண்டம் 2021 நவம்பரில் 10 யூரோவிலிருந்து 80 யூரோவாக உயர்ந்தது. இதைவிடப் பெரிய ஆபத்து, பூட்டிய கராச்சுக்குள் வண்டியைச் சூடாக்குவது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆளை அறியாமலே கொன்றுவிடும்.

அப்படியானால் சூடாக்கவே தேவையில்லையா? தேவை; ஆனால் ஓடித்தான் சூடாக்கவேண்டும். தலைக்கவசத்தையும் கையுறையையும் முதலில் அணிந்துகொண்டு ஸ்ராட் செய்யுங்கள். உடனே மெதுவாகப் புறப்படுங்கள். முதல் 10 கிலோமீற்றர்வரை இயந்திரத்தை அதன் உச்சச் சுழற்சியில் பாதிக்குமேல் முறுக்கவேண்டாம். தண்ணீர் சூடேறியதாக மானி காட்டினாலும் ஒயில் சூடேற இன்னும் நேரமெடுக்கும். ரயர்களும் ஓடினால்தான் சூடாகிப் பிடிப்புக் கொடுக்கும். அதுவரை வளைவுகளில் சரித்து ஓட்டக்கூடாது. காபரேற்றர் உள்ள பழைய வண்டியென்றால், சோக்கை இழுத்து ஸ்ராட் செய்து, நிற்காமல் ஓடுமளவுக்கு அரை நிமிடம் போல் விட்டால் போதும்.

ஆகவே அப்பாமாரே, பிள்ளை ஸ்ராட் செய்ததும் புறப்பட்டால் தடுக்கவேண்டாம். மெதுவாகப் போகிறானா என்று மட்டும் பாருங்கள். பிள்ளைகளே, அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று ஒருநாள் இருந்து கேளுங்கள். சில துளி பெற்றோலைப் பொத்திவைத்து ஓடிய காலத்தை அவர்தான் உங்களுக்குச் சொல்லமுடியும்.