ஓடாமலே ஓடும் 'ரன்'!

'ரன்' என்றால் என்ன என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட 'ஓடு' என்று சொல்லிவிடும். சரி, 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்பதைத் தமிழில் சொல்லுங்கள், பார்க்கலாம். 'என் மூக்கு ஓடுகிறது' என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும்! 'எனக்கு மூக்கு ஒழுகுகிறது' என்பதே சரி.

ஆங்கிலத்தில் மட்டும் மூக்கு எப்படி ஓடுகிறது? விடை அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்றொரு சொல் இருந்தது. காலால் ஓடுவதையும் அது குறித்தது; தண்ணீர் ஓடுவதையும் குறித்தது. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் அதே போன்ற சொல் இன்றும் உண்டு. அதன் பொருள் ஒழுகுதல், வழிதல். அதனால்தான் ஆறு, குழாய், மூக்கு மூன்றுக்கும் 'ரன்' பொருந்துகிறது.

நாளடைவில், நிற்காமல் இயங்கும் எல்லாவற்றுக்கும் இச்சொல் பரவியது. தமிழும் இப்படித்தான். பேருந்து ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது என்கிறோம். இங்கெல்லாம் ஆங்கிலத்திலும் 'ரன்' போடலாம்.

ஆனால், எல்லா இடத்திலும் இரு மொழிகளும் கைகோத்துப் போவதில்லை. 'ஷீ ரன்ஸ் எ ஷாப்' என்றால் 'அவர் கடை நடத்துகிறார்' என்று பொருள். 'நட' என்பதிலிருந்து வந்ததுதான் 'நடத்து'. ஆங்கிலத்தில் கடையை ஓட வைக்கிறார்கள். நாம் நடக்க வைக்கிறோம்! சிவப்புத் துணியை நனைத்தால் ஆங்கிலத்தில் சாயம் 'ஓடும்'. தமிழில் சாயம் 'போகும்'. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் 'ஓடுகிறார்'. பிரிட்டன் வேட்பாளரோ, நம் ஊர் வேட்பாளரைப் போலவே, 'நிற்கிறார்'! கிரிக்கெட்டைப் பாருங்கள். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால், ஓரடிகூட ஓடாமல் 4 'ரன்' கிடைத்துவிடுகிறது.

இத்தனை பொருள்களையும் யார் எண்ணினார்கள் தெரியுமா? ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், இந்த ஒரே சொல்லுக்காக ஒன்பது மாதங்கள் உழைத்தார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறின! 2011இல் இச்செய்தி வெளியானது. அதற்கு முன், 1989இல் வந்த பதிப்பில் மிக நீளமான விளக்கம் பெற்றிருந்த சொல் 'செட்'.

அப்படியானால் 645 பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டவே வேண்டாம். ஒரு சொல்லைத் தனியாகப் பார்க்காமல், அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களையும் சேர்த்துப் பாருங்கள். ஓடுவது ஆளா, நீரா, இயந்திரமா, கடையா என்று கேளுங்கள். பொருள் தானாகப் புரியும். புரியாவிட்டால் அகராதியைப் புரட்டுங்கள். முதல் பொருளோடு நின்றுவிடாமல், அதன் கீழே உள்ளவற்றையும் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்று அம்மா சொன்னால், சர்க்கரை எங்கே ஓடியது என்று தேடாதீர்கள். சர்க்கரை தீர்ந்துவிட்டது. கடைக்கு ஓட வேண்டியவர் நீங்கள்தான்!